கூட்டாமல் குறைக்காமல்

புதுக்கடை நீதிமன்றத்தில்
எனக்கு நாற்காலி இல்லை.
சாட்சிக் கூண்டுக்கும் தட்டெழுத்துக்காரருக்கும் நடுவே
நின்றபடி மொழிபெயர்ப்பவள்.
கூட்டாமல் குறைக்காமல் என்று
ஒருநாள் சத்தியம் செய்தேன்,
சம்பளம் அதற்குத்தான்.

இன்றைக்கு
வெள்ளவத்தையில் கடலுக்கு முதுகுகாட்டி நிற்கும்
பன்னிரண்டு மாடியின் நீச்சல் தடாகம்.
நீளம் நாற்பது அடி.
ஆழம், இலக்கம் எழுதிய டைல் கழன்று
போன வருஷமே போய்விட்டது.

வழக்காளி சுகந்தமலர்.
பி ஒன்று: நிருத்தனின் மரணச் சான்றிதழ், வயது ஏழு.
பி இரண்டிலிருந்து முப்பத்தேழு வரை
பராமரிப்புக் கட்டணப் பற்றுச்சீட்டுகள்.
தடாகத்துக்கென்று தனி வரியில்
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
ஒரு மாதமும் பிந்தவில்லை.
அதை அவர் இரண்டு தரம் சொன்னார்.
நானும் இரண்டு தரம் சொன்னேன்.

அறிவித்தல் பலகை இருந்தது என்கிறது
முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்.
இருந்தது. படத்தில் பார்த்தேன்.
'சொந்தப் பொறுப்பில் நீந்தவும்',
ஆங்கிலத்தில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி,
மூன்றாம் வரிக்கு விட்ட இடத்தில்
குளோரின் விற்பவரின் தொலைபேசி இலக்கம்.
கட்டியவர்கள் திறப்புக் கொடுத்த அன்றே
கை கழுவிவிட்டார்களாம்.
உயிர்காப்பாளரை அனுப்பும் கம்பனிக்கு
ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தது,
புதுப்பிக்கும் கடிதம்
கோரம் இல்லாத பொதுக்கூட்டத்தில் கிடந்தது.
காப்புறுதிக்காரர் தன் பெயர் வரும்வரை
கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பொறுப்பு மேசைக்கு மேசை நகர்ந்து
துவாய் எடுக்கப் போன பெண்ணுக்கு முன்னால்
வந்து நின்றது.

"எத்தனை நிமிடம்?"
"ஒன்பதாம் மாடி, ஐயா. ஒரு லிஃப்ட்தான் வேலை செஞ்சது."
"கேட்டதற்குப் பதில்."
"பதினொண்டு."
பதினொன்றை அந்தப் பக்கம் கொண்டுபோக
எனக்கு ஒரு விநாடியும் பிடிக்கவில்லை.

"பிள்ளையை யாரிடம் விட்டீர்கள்?"
"வோச்சரிட்ட. ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ எண்டனான்.
அவர் சரி எண்டவர்."

பாத்துக்கொள்ளுங்கோ. பலாகன்ன.
அங்கும் பார்வையோடுதான்
காவலைத் தைத்து வைத்திருக்கிறார்கள்.
சரி. ஹரி.
ஓர் எழுத்து மாற்றினால் போதும்.
இவ்வளவு லேசான மொழிபெயர்ப்பு
இந்த வருஷத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

பிறகு ஜினபால கூண்டில் ஏறினார்.
அறுபத்துமூன்று வயது,
சட்டையில் பழைய கம்பனியின் பொத்தான்.
சிங்களம்தான், நான் சும்மா நின்றேன்.
தன் கடமை கேற் மட்டும் என்றார்.
நீந்தத் தெரியாது என்றார்.
தெரியாமலும் சப்பாத்தோடு இறங்கியதை
யாரும் கேட்காததால்
தானாகவே சொன்னார்.
"அந்த அம்மா உங்களிடம் என்ன கேட்டார்?"
"தெரியாது, ஐயா. அவசரமாகத் தமிழில் ஏதோ.
பார்சல் வரும் என்கிறாராக்கும் என்று நினைத்தேன்.
விளங்காததற்கெல்லாம்
நான் ஹரி என்றுதான் சொல்லுவேன்."

சட்டத்தரணிகள் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.
கடமையை ஏற்றார் என்றார் ஒருவர்,
கேட்காததை எப்படி ஏற்பது என்றார் மற்றவர்.
நீதவான் பேனாவின் மூடியைக் கழற்றி, பூட்டி,
மறுபடி கழற்றினார்.
சுகந்தமலர் என் சேலைத் தலைப்பைத் தொட்டார்:
"என்னவாம்?"

காதோடு சொன்னேன்.
பார்சலையும் சொன்னேன்.
சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா.
அவர் நெடுநேரம் அந்தப் பொத்தானையே பார்த்தார்.

தவணை பெப்ரவரி பதினாறு.

வெளியே தேநீர்க்கடைக்குப் பக்கத்தில்
ஜினபால அவர் முன்னால் வந்து
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
என்னவோ சொன்னார், நீளமாக, தரையைப் பார்த்து.
பஸ்ஸின் ஹோர்ன் பாதியை விழுங்கிற்று.
ஹரி, என்றார் சுகந்தமலர்.
விளங்கித்தான் சொன்னாரோ.
நாலடி தள்ளி
கோப்புகளோடு நின்றிருந்தேன்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.