இரண்டாவது கியர்

மேடேறும்போது நழுவும் கியரை
வலது முழங்காலால் முட்டுக்கொடுத்தே
இரண்டு பருவம் ஆலைக்குக் கரும்பேற்றினேன்.
கைலிக்குள், முட்டியில்,
ஒரு ரூபாய் அகலத்துக்குக் காய்ப்பு.

"நான் ஓட்டுனா நிக்குது, உனக்குத்தான் நழுவுது"
என்பார் சகலை தனவேல்.
"நீங்க ஓட்டித்தான் நழுவப் பழகிச்சு"
என்பேன் நான்.
பாதிப் பாதி போட்டு வாங்கிய
அறுபத்தெட்டு மாடல் இன்டர்நேஷனல்.
ஆளுக்கொரு வாரம்.
போன தைக்குப் பிறகு பேச்சில்லை.
சாவி மட்டும் அக்காள் கையிலிருந்து தங்கை கைக்குப் போகும்,
முருங்கைக்கீரையோடு.

மேல்பட்டாம்பாக்கம் பக்கீர் பட்டறையில்
கட்டையும் ஜாக்கியும் கொடுத்து
வண்டியை நடுவில் பிரித்தார்கள்.
எஞ்சின் முன்சக்கரத்தோடு நாலடி தள்ளிப்போய்
வேறு யாருடையதோ போல நின்றது.
பெட்டியிலிருந்து கறுப்பாய் வடிந்த எண்ணெயில்
பக்கீர் விரலை விட்டு வெயிலில் காட்டினான்:
மினுமினுவென்று இரும்பு.

பிறகு கியரைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு
பல்லைத் தடவிச் சொன்னான்:
"நடுவுல தேய்மானம் கம்மி. முனைதான் போச்சு.
ஒரு பக்கமா, சீவுன பென்சிலாட்டம்.
கிளட்சைப் பாதி மிதிச்சு
கரகரன்னு திணிக்கிற ஆளு.
வருசக்கணக்கா.
ஒரே ஆளு."
யார் என்று அவன் கேட்கவில்லை.

தானே புயலில் பறந்த தகரம்
என் இடது குதிகாலைச் சீவிக்கொண்டு போனது.
அன்றிலிருந்து அது முழுசாக மிதிப்பதில்லை.
ஊரில் யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.
இரும்பு கணக்கு வைத்திருக்கிறது.

வில்லியனூர் காயலான் கடைகளில்
சாக்பீஸால் குறியிட்டுக் குறியிட்டுப் பல் எண்ணினேன்.
ஒன்றில் இருபத்தாறு. ஒன்றில் இருபத்தெட்டு.
நாலாவது கடையில், தையல் மெஷின்களுக்கு அடியில்,
சரியாக இருபத்தேழு.
பேரிங்கில் விட்டுக்கொள்ளச் சொல்லி
குவார்ட்டர் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெயும் கொடுத்தான் சூசைராஜ்,
காசு வாங்கவில்லை.

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள்.
"பாட்டில்ல என்ன?"
"நைன்ட்டி மேடம்."
பேருந்தே சிரித்தது.
அந்தப் பெண் காவலர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.
கந்தகமும் கெட்டுப்போன பூண்டும்
மூக்கிலேறிக் கண்ணில் இறங்கியிருக்கும்.
"சாக்குல?"
"ரெண்டாவது கியர். மேட்டுல நிக்கமாட்டேங்குது."
கையிலிருந்த கிரீஸைச் சாக்கிலேயே துடைத்துவிட்டு
"எங்க ஜீப்புலயும்தான்" என்றார்.
"போங்க."

சேர்க்கும் நாளில் ஆள் போதாமல்
பக்கீர்தான் தனவேலுக்குப் போன் போட்டிருக்கிறான்.
ஒருவர் தள்ளினால் ஒருவர் சுழற்ற வேண்டும்;
தண்டும் துளையும் வரிக்கு வரி பொருந்தும்வரை
இரண்டும் நிற்கக் கூடாது.
"தள்ளு" என்றார். "சுத்துங்க" என்றேன்.
எட்டு மாதத்தில் எங்கள் முதல் பேச்சு.
ஏழெட்டு தடவை முட்டி, விலகி,
எதிர்பாராத ஒரு கணத்தில் வழுக்கி உள்ளே போனது.

பழைய கியர் சாக்கின்மேல் கிடந்தது.
தனவேல் அதை எடுத்துக் கட்டைவிரலால் முனையைத் தடவினார்.
நான் சொல்லிவிட வாயெடுத்தேன்.
அவர் என்னைப் பார்க்காமல் பக்கீரிடம் சொன்னார்:
"கிளட்ச் கம்பிய ரெண்டு மரை இழுத்து வையி.
அவன் காலுக்கு எட்டட்டும்."

என்றைக்குக் கவனித்தாரோ.

இப்போது அவர் வாரத்தில்
அவர் காலை ஒரு விரல் கூடுதலாகத் தூக்கவேண்டியிருக்கும்.
ரசீதில் சரிபாதி கேட்டு வாங்கிக்கொண்டார்,
பத்து ரூபாய்ச் சில்லறை உட்பட.

கியர் நிற்கிறது.
ஆலை மேட்டில், பாரத்தோடு,
அசையாமல் நிற்கிறது.
என் முழங்கால்தான் இன்னும் நம்பாமல்
போய்ப் போய் முட்டிக்கொண்டிருக்கிறது.