தயாளன் குறைத்துக்கொண்டது

நாற்பத்திரண்டாயிரம். சுங்க வரி தனி.
வெள்ளைப் பெட்டிக்குள் சாம்பல் நிறத் திரை,
அதன் கீழே கடலை மிட்டாயை வெட்டி அடுக்கினாற்போல்
சின்னச் சின்னப் பொத்தான்கள்.
"இதுல எதுவுமே கிடையாது" என்றான் தயாளன்,
சீர்வரிசைப் பட்டியல் வாசிக்கிறவனின் பெருமிதத்தோடு.

மடிப்பாக்கத்து மொட்டைமாடியில்
பன்னிரண்டு மணி வெயிலுக்கு ஏந்திக் காட்டினான்.
எழுத்து காகிதத்தில் அச்சடித்த மாதிரி நின்றது.
கண் கூசாதாம், தூக்கம் கெடாதாம்,
விரல் தன்பாட்டுக்கு எங்கும் ஓடாதாம்.
சரிதான்.
வெயில் இந்த ஊரில் இலவசம்.
நிழலுக்குத்தான் செலவு.

பொத்தான்களில் தமிழ் இல்லை.
முதல் மழை விழுந்த சாயங்காலம்
'மழை' என்று எனக்கு அனுப்பப் பார்த்து
ழகரம் எந்தப் பொத்தானுக்குள் பதுங்கியிருக்கிறதென்று
தரமணி சிக்னல் இரண்டு முறை விழும்வரை தேடி
கடைசியில் 'ஓகே' என்று அனுப்பிவிட்டான்.
எதற்கு ஓகே என்று நான் கேட்கவில்லை.
கொடியிலிருந்து துணியை எடுத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக என் போனுக்குக் குடிவந்தன.
அடுக்ககத்துத் தண்ணீர் லாரிக் குழு.
பையனின் மூன்றாம் வகுப்புக் குழு:
நாளைக்குப் பச்சைச் சட்டை, ஒரு அட்டைப்பெட்டி, வெண்டைக்காய் இரண்டு.
அம்பத்தூரிலிருந்து அவன் அக்கா
காலை ஐந்தரைக்கு அனுப்பும் ரோஜாப்பூ.
"மத்திய கைலாஷ்ல நிக்கறேன், ஒரு ஆட்டோ போடு."
"டீக்கடைக்காரர் நம்பர் அனுப்பறேன்,
பதினஞ்சு ரூபாய் தட்டிவிட்டுடு."
தட்டிவிட்டேன்.
ஒலிபெருக்கிப் பெட்டி அங்கே என் பதினைந்தைக் கூவ
அவன் இங்கே இல்லாத நிம்மதியோடு
டீயை ஊதி ஊதிக் குடித்திருப்பான்.

அலுவலகத்தில் அவனை எல்லோரும் மெச்சுகிறார்களாம்.
ஸ்டீபன் துரை தானும் ஒன்று வாங்கப் போகிறாராம்.
அவர் வீட்டில் யாரிடம் கேட்டாரோ.
சும்மா இருக்க இவ்வளவு காசு தேவையே இல்லை,
சும்மா இல்லாத ஒருத்தி
பக்கத்தில் இருந்தால் போதும்.

இப்போதெல்லாம் பத்து மணிக்கே நல்ல தூக்கம் அவனுக்கு.
நேற்று, கரண்ட் பில் கட்டி முடித்து
பதினொன்று நாற்பதுக்கு
அதை எடுத்துப் பார்த்தேன்.
பொய் சொல்லக்கூடாது. கைக்கு நன்றாகவே இருக்கிறது.
ஒவ்வொரு பொத்தானும் வறுத்த பட்டாணி உடைவதுபோல்
டிக் என்று பதில் சொல்கிறது.
ஆனால் அந்தத் திரைக்கு ஒரு குணம்,
அழித்தது முழுக்க அழியாது.
அடுத்த எழுத்து வரும்வரை
பழையது கறையாய்த் தங்கும்.
என் பெயருக்குக் கீழே, அனுப்பாமல் அழித்த ஒரு வரி,
இங்கிலீஷ் எழுத்தில்,
ஈரச் சுவரில் பழைய போஸ்டர் தெரிகிற மாதிரி:
'எப்பப் பாத்தாலும் போன்லயே இருக்க.'

இரண்டு முறை படித்தேன்.
மூன்றாவது முறைக்குள்
ஏதோ பொத்தானில் விரல் பட்டு
திரை ஒருமுறை கறுத்து வெளுத்துத் துப்புரவானது.

காலையில் என் போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்,
சார்ஜரோடு.
சாம்பலை எடுத்துக்கொண்டு
வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினேன்.
பெருங்குடி, தரமணி, திருவான்மியூர்.
கையில் பார்க்க ஒன்றுமில்லை.
எதிரில் ஒரு பெண் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்,
தோலை ஒரு பையில், பல்லை ஒரு பையில்.
கோட்டூர்புரம் தாண்டி
ஆற்றின் கறுப்பில் ஒரு வெள்ளைக் கொக்கு.
இதற்கா நாற்பத்திரண்டாயிரம் என்று
இப்போதும்தான் தோன்றியது.
என்றாலும் கொக்கு பறக்கும்வரை பார்த்தேன்.

மந்தைவெளியில் அது ஒருமுறை அதிர்ந்தது.
என் எண்ணிலிருந்து அவன்:
லாரி கேட்டுல நிக்குது, யாருக்குப் பணம் போடணும்?
பையனுக்கு இன்னிக்கு என்ன கலர் சட்டை?
உங்க அக்கா எதுக்கு அழுவுற பொம்மை அனுப்பியிருக்காங்க?

பதில் அடிக்கலாமென்று
எழுத்து எழுத்தாய்த் தேட ஆரம்பித்தேன்.
மயிலாப்பூர் வந்துவிட்டது.
'ஓகே' என்று அனுப்பிவிட்டு
இறங்கிக்கொண்டேன்.