பதினோராம் வாயில்

சனிக்கிழமை, காலை எட்டரை.
பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
கரவாங்கெ மலையின் நிழல் இன்னும்
சரிவை விட்டு எழுந்திருக்கவில்லை.
உர்ஷ்கா என் கையில் ஓர் அட்டையைத் திணித்தாள்,
மஞ்சள் கொடி ஒன்று, பென்சில் ஒன்று.
பேனா என்றால் மை உறைந்துவிடுமாம்.
பதினோராம் வாயிலுக்கு நான் நீதிபதி.

பனிச்சறுக்கு எனக்குத் தெரியாது.
வாரம் முழுக்க க்ரான் பேருந்தை ஓட்டுகிறேன்.
என் மகன் இந்தக் குழுவில் ஒரே ஒரு குளிர்காலம் இருந்தான்,
பிறகு கிளாரினெட் பக்கம் போய்விட்டான்.
பெற்றோர் பட்டியலில் என் பெயரை
அடிக்க மறந்துவிட்டார்கள்.
நானும் நினைவூட்டவில்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறார்கள்.
கையுறையில் முதலில் தேய்வது உள்ளங்கை;
சிலருக்கு அங்கே பழைய பெல்ட்டின் தோல்
ஒட்டுப்போட்டிருக்கிறது.
ஆறு வயது, ஏழு வயது.
எண் போட்ட மேல்சட்டை முழங்காலைத் தொடுகிறது.
பலகைகள், நவம்பரில் பள்ளிக்கூடத்துச் சந்தையில் வாங்கியவை:
ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயர்,
அதையும் அடித்து இன்னொன்று.

போன மாதம்வரை தெரிந்ததெல்லாம் கலப்பை.
முனைகள் சேர்ந்து வால்கள் விரிய
வெள்ளை நிலத்தை உழுதபடி ஊர்ந்தார்கள்.
விதைத்தது ஒன்றுமில்லை.
இன்றைக்கு என்னவென்றால்
பலகைகளை இணையாக வைத்துக்கொண்டு
தடதடவென்று இறங்குகிறார்கள்.

கழிகள் இடுப்புயரம். சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு.
இரண்டு முனைகளும் இரண்டு பாதங்களும்
வாயிலைக் கடந்தாக வேண்டும்.
தலை கடந்தால் போதாது.
ஆசை எப்போதோ கடந்திருக்கும், அதுவும் கணக்கில் வராது.

நாலாம் எண் விழுந்து எழுந்தான்.
ஏழாம் எண் நடுவழியில் நின்று மூக்கைத் துடைத்தாள்.
பன்னிரண்டு, காஷ்பெர்.
பிரேக் பிடிக்காத லாரி மாதிரி வந்தான்.
கழி அவன் கால்களுக்கு நடுவே புகுந்து அடித்தது;
கவனிக்கவே இல்லை.
கீழே அவன் அப்பா கைதட்டினார்.
பணிமனையில் என் வேலைநேரத்தை எழுதுகிறவர்.
பன்னிரண்டு என்று எழுதினேன். பிழை என்று எழுதினேன்.
ஒரு புள்ளி, அதன் இருபுறமும் இரண்டு கோடுகள்.
கை குளிரில் நடுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது, நேஷா.
என் கழிக்குத் தவறான பக்கம் வழுக்கி
பத்து மீட்டர் கீழே போய் நின்றாள்.
அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.
நீதிபதி தானாக வாய் திறக்கக் கூடாது.
கேட்டால் மட்டும் ஒரு சொல்: போ, அல்லது திரும்பு.
"போகலாமா?"
"திரும்பு."

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.
பலகைகளைக் குறுக்கே வைத்து
நண்டுபோல் பக்கவாட்டில் ஏறினாள்.
எட்டுப் படி ஏறி, மூன்று சறுக்கி,
ஏதோ முணுமுணுத்து, மறுபடி ஏறி.
ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த யெர்னெய்
பாதி வாக்கியத்தில் நின்றான்.
மேலே இருபதாம் எண்ணைப் பிடித்து வைத்திருந்தார்கள்.
எலுமிச்சைத் தேநீர் வரிசையில் ஒருவரும் நகரவில்லை.
கழியை எட்டியதும் அதைக் கட்டிக்கொண்டு
ஒரு மூச்சு வாங்கினாள்,
சுற்றி வந்தாள், போய்விட்டாள்.

இரண்டு நிமிடம் பதினாலு நொடி.
அன்றைக்கு அதைவிட மெதுவாக ஒருவரும் இறங்கவில்லை.

அட்டையில் அவளுக்கு எழுத எதுவுமில்லை.
ஆனாலும் வரைந்தேன்: போன கோடு,
ஏறிய படிகள், சுற்றிய வளைவு.
"இது என்ன, ஏணியா?" என்றாள் உர்ஷ்கா.
"பிழை இல்லை" என்றேன்.

திங்கட்கிழமை எனக்கு
நாலரை மணி வண்டி விழுந்திருந்தது.
தற்செயலாக இருக்கலாம்.
ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள்.
கொடி இல்லாத என்னை
நேஷாவுக்கு அடையாளம் தெரியவில்லை.
பயண அட்டையைக் காட்டிவிட்டு
கடைசி வரிசைக்கு ஓடினாள்.