இரண்டு பாகை

துறைமுக அதிகாரி சொல்லிவிட்டார்:
ரேடியோ இல்லாத படகுக்கு
இனிப் புறப்பாட்டுச் சீட்டு கிடையாது.

எங்கள் 'ரெசாகா'வில் கேபின் என்பது
ஒன்றரை மீட்டர் பலகைப் பெட்டி.
அதற்குள் ஏற்கெனவே
ஒரு விறகடுப்பு, ஒரு திசைகாட்டி,
ஹெரால்தோவின் ஈர ஸ்வெட்டர்,
சிலோயே தீவின் பாதி மழை.

கையேடு ஆறு மொழிகளில் அதட்டுகிறது:
திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வை.
தள்ளி வைக்க இடமிருந்தால்
முதலில் நாங்களல்லவா
தள்ளி உட்கார்ந்திருப்போம்.

பதினோரு நாளாகப் பேச்சில்லை.
விலைதான் காரணம் என்கிறது மட்டிச் சந்தை.
என்னைக் கேட்காமல்
தையல் இயந்திரத்தை விற்றாயே என்கிறது
அவன் முதுகு.

ஆகஸ்டில் ஓர் இரவு
மோட்டார் நின்று
நீரோட்டத்தோடு இவன் போய்க்கொண்டிருக்க
விடியும்வரை நான் துறையில்,
மண்ணெண்ணெய் விளக்கோடு.
வந்து இறங்கியவன் கேட்டான்:
"தூங்கலையா?"
அந்த வாரமே விற்றேன்.

கூரையில் துளை போட்டேன்.
சைப்ரஸ் பலகை சுருள்சுருளாய் உதிர்ந்து மணத்தது.
தன் எலும்பில் ஓட்டை விழுந்ததுபோல்
"ஸ்ஸ்" என்றான்.
பதினோரு நாளில் முதல் ஒலி.

ஆன்டெனாக் கம்பியின் தோலை உரித்து
ஈயம் உருக்கி ஒட்டி
கூரைக்குள் நுழைக்கும் முன்
வெளியே ஒரு வளைவாகத் தொங்கவிட வேண்டும்.
கம்பி வழியே இறங்கிவரும் மழைத்துளி
அந்த வளைவின் அடியில் தயங்கும்,
கனக்கும்,
சொட்டிவிடும். உள்ளே வராது.
காதுக்கு வெளியே இப்படியொரு வளைவு
எனக்கு யாரும் வைக்கவில்லை.

சிவப்பு நேர். கறுப்பு எதிர்.
நடுவில் பத்து ஆம்பியர் ஃப்யூஸ்,
முதலில் தான் கருகிப் பிறரைக் காக்க.
விசையைத் திருப்பினேன்:
ஆரஞ்சு வெளிச்சத்தில் எண் பதினாறு,
எல்லாரும் காதுவைத்திருக்கும் வாசல்.
அங்கே வெட்டிப்பேச்சு கூடாது.
எழுபத்திரண்டுக்கு மாற்றிப்
பேசும் பொத்தானை அழுத்தினேன்.

திசைகாட்டி ஊசி நடுங்கி நகர்ந்தது.
விட்டேன். திரும்பியது.
மறுபடி அழுத்தினேன்.
நான் பேசினால்
வடக்கு இரண்டு பாகை விலகுகிறது.

ஹெரால்தோ ஊசியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மீசைக்குள் எதையோ மென்றான்.
கல்யாணத்தன்றே தெரியும் என்ற முகம்.

பிறகு விசையை அணைத்து
பேட்டரியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் கழற்றி
வலை முடையும் விரல்களால் முறுக்கத் தொடங்கினான்,
சிவப்பின்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் சிவப்பு.
போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும்
நெருங்கிப் பின்னிக்கொண்டால்
ஒன்றின் இழுப்பை மற்றது தின்றுவிடுமாம்,
பேட்டரிக் கடை நில்டா சொல்லியிருக்கிறாள்
எனக்கல்ல, அவனுக்கு.
விசாரித்திருக்கிறான் அப்படியானால்.

மாட்டினேன். அழுத்தினேன்.
ஊசி அசையவில்லை.

மீன்பண்ணைக் காவலாளியிடம் இரவல் வாங்கிய
கைச்செட்டை எடுத்துக்கொண்டு
கூழாங்கல் கரையில் நடந்து
முனை தாண்டி மறைந்தான்.

"ரெசாகா, ரெசாகா. கேக்குதா? காம்பியோ."
தகர டப்பாவுக்குள்ளிருந்து என் புருஷன்.
பேசி முடித்தால் காம்பியோ சொல்ல வேண்டும்,
இனி உன் முறை என்று அர்த்தம்.
ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாத கருவி.
இதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

"தெளிவா கேக்குது. காம்பியோ."

கரகரப்பு.
பிறகு, சால்மன் படகுகள் அத்தனையும் கேட்க,
"அந்த ஆகஸ்டு ராத்திரி
உன் வெளக்கு எனக்குத் தெரிஞ்சுது"

காம்பியோ சொல்லவில்லை.
பொத்தானையும் விடவில்லை.
முனைக்கு அப்பால் கூழாங்கல்லில் பெய்யும் மழை
ஒலிபெருக்கியில் கேட்கிறது.
தலைக்கு மேல் பலகையில் இந்தப் பக்கத்து மழை.

கட்டைவிரலைத் தூக்கிவைத்திருக்கிறேன்.