நூற்றுப் பதினேழு

ஏரியை வடித்து எடுத்த நிலம் இது.
கடல்மட்டத்துக்கும் கீழே
பசு மேய்ந்தது, பாற்கட்டி உருண்டது,
பிறகு ஆட்கள் செத்தார்கள்.
தேவாலயத்துக்கு வெந்நீர்க் குழாய் பதிக்கத் தோண்டினால்
நானூறு பேர் எழுந்து வந்தார்கள்
அட்டைப் பெட்டிகளில்.

ஆண்களைக் கண்டுபிடிப்பது சுலபம்.
மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கடிக்க வைத்தால்
கோரைப்பல் அருகே வட்டமாய் ஒரு துளை.
களிமண் சுங்கான் இருபது வருடம்
குடியிருந்து தேய்த்த வாசல்.
யோரிட் தன் பென்சிலைச் செருகிப் பார்ப்பான்,
கச்சிதமாய்ப் பொருந்தும்.
'புகைத்தவர்', ஒரு டிக்.
தானத்துக்கு வந்த மாட்டைக்கூட
இப்படிப் பல்லைப் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நூற்றுப் பதினேழு ஒரு பெண்.
நாற்பதைத் தொட்டிருக்கலாம்.
மிச்சம் பதினொரு பல்.
துளை இல்லை, கறை இல்லை.
'புகைக்காதவர்' என்று எழுதிப்
பேனாவை மூடிவிட்டான் யோரிட்.

நான் தொடையெலும்பில் நகக்கண் அளவு வெட்டினேன்.
இடையில் மண் பேசக்கூடாதென்று
மேற்பரப்பைச் சுரண்டி எறிந்தேன்.
பொடித்தேன், கரைத்தேன்,
இரவெல்லாம் இயந்திரம் உறுமியது.
விடிந்து பார்த்தால்
அவள் புள்ளி
சுங்கான் ஆண்களின் கூட்டத்தில் போய் நிற்கிறது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இங்கே நெருப்பு இல்லை, புகை இல்லை,
பிடித்த உதடும் இல்லை.
பாக்கி மட்டும் எலும்பில்.

மென்றாளா?
மூக்குப்பொடி போட்டாளா?
(பொடிக்குள் பொடியைத் தேடுகிறேன்.)
போன பற்களின் வலிக்கு
இலைத்துணுக்கை ஈறில் அடக்கிக்கொண்டாளா?
இல்லை, சன்னல் திறக்காத ஐந்து மாதக் குளிரில்
புருஷன் விட்ட மூச்சை
இழுத்து இழுத்தே இவ்வளவா?
அந்த அளவு வராது என்கிறான் யோரிட்.
அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது.
'டிர்க்கின் மனைவி. குழிக்கூலி பாக்கி.'
அது இவளாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

மதியம் வெளியே போய் ஒன்று பற்றவைத்தேன்.
பண்ணைவெளிக் காற்று இரண்டு தீக்குச்சியைத் தின்றது.
மூன்றாவதைக் கைக்குள் பொத்திப் பிடித்தபோது தோன்றியது:
அளவு தெரிகிறது எலும்புக்கு.
பால் கறந்து முடித்த கையோடு
யாருக்கும் தெரியாமல் தொழுவத்துப் பின்னால்
அவள் நின்ற அந்த ஐந்து நிமிடம்,
நின்றிருந்தால்,
அது எந்த அமிலத்திலும் கரைந்து வராது.

திரும்பிவந்து 'புகைக்காதவர்' என்பதை அடித்தேன்.
வேறென்ன எழுதுவது என்று கேட்டான்.
கட்டம் சின்னது.
காலியாக விடு என்றேன்.