இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்

கொழும்புக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன்.
பதிவு இலக்கத்தை ஸ்டிக்கரில் அச்சடித்து
அதன் வயிற்றில் ஒட்டினேன்.
எடை இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்.
நல்ல கொய்யாப்பழம் ஒன்று இதைவிடக் கனக்கும்.
ஆனால் கொய்யாப்பழத்துக்குப்
பாதுகாப்பு அமைச்சின் கடிதம் தேவையில்லை.

காகத்தை இழுக்காதீர்கள்.
கச்சேரியில் வரிசையில் நின்ற எல்லாரும்
அந்தப் பகிடியைச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

திருகோணமலையில்
வானம் எங்கே தொடங்குகிறது என்று
வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.
சீனக்குடாவில் ஓடுபாதை,
உள்துறைமுகத்தில் கடற்படை,
கோட்டைக்குள் படைமுகாம், மான்கள்,
அதற்கும் அப்பால் கோணேசர்.
புறாத்தீவென்றால் வனவிலங்குத் திணைக்களம்.
சிவப்புப் பென்சிலால்
வட்டம் போட்டுக்கொண்டே வந்தோம்
இம்தாத்தும் நானும்,
கிண்ணியாவிலிருந்து அவன் கொண்டுவந்த தயிர்ச் சட்டியைத்
தாள் பறக்காமல் மூலையில் வைத்து.
மீந்தது உப்புவெளியில்
ஒரு கல்யாண மண்டபத்தின் அகலம்.
அதைத்தான் கேட்டு எழுதினோம்.

கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள்.
இருட்டமுன் இறக்கிவிட வேண்டும்.
சனத்தின் தலைக்கு மேலே கூடாது.
சனமில்லாத கல்யாணம் எங்கே நடக்குது சேர், என்றான் இம்தாத்.
உத்தியோகத்தர் சிரிக்கவில்லை.
பின்காணியில் நின்று சரித்துப் பிடிக்கலாம் என்றார்.
நல்ல மனுசன்.

'நோக்கம்' என்ற கட்டத்தில்
மாப்பிள்ளை ஊர்வலம் என்று எழுதினேன்.

கடிதம் வந்தது.
வெள்ளிக்கிழமை, காலை ஆறு முதல் பிற்பகல் நான்கு வரை.
பொலிசுக்கு ஒரு பிரதி,
கடற்படைக்கு ஒரு பிரதி,
என் சட்டைப்பையில் ஒன்று
வியர்வையில் முத்திரை ஊறி
நெஞ்சில் ஊதாவாய் இறங்கியது.

நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்.
இம்தாத் காற்றைப் பார்த்தான்.
கச்சான், கொஞ்சம் உரம்தான்,
ஆனாலும் பறக்கலாம்.
ஏற்றினான்.

நாலு தென்னை உயரத்தில்
கொய்யாப்பழம் இரைந்தது.

பெண்ணின் தாய் சிவயோகம்
ஆலாத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தவ
திரும்பிப் போய்த்
தகரக் கூரைக்குக் கீழே நின்றா.
வேறொன்றும் செய்யவில்லை.
தட்டைச் சரியாகத்தான் பிடித்திருந்தா.
வாழைப்பழத்தில் குத்திய திரி மூன்றும்
எரிந்துகொண்டுதான் இருந்தன.
பிறகு அவவின் தங்கை.
பிறகு புதுக்குடியிருப்பு பஸ்ஸில் வந்து இறங்கிய
ஏழெட்டுப் பேர்,
ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல்,
ஒருத்தரும் கூப்பிடாமல்.
சமையல்காரரின் அண்டாக்களுக்கு நடுவே
நிற்க இடம் போதவில்லை.

மாப்பிள்ளை வீட்டுச் சின்னப் பெடியள்
வெட்டையில் நின்று
மேலே பார்த்துக் கை காட்டினார்கள்.

"தம்பி, உது வண்டுதானே?"
"இல்லை அம்மா, கமெரா."
"அதுவும் கமெராதான் தம்பி.
முதல்ல அது வரும்.
பிறகுதான் மற்றது வரும்."

சட்டைப்பையைத் தொட்டேன்.
எடுத்துக் காட்ட அதில் ஒன்றும் இல்லை.
இறக்கச் சொல்லத் திரும்பினேன்.
இம்தாத் ஏற்கனவே இறக்கிக்கொண்டிருந்தான்.

தண்ணீர்த் தாங்கியில் ஏணி சாத்தி ஏறி
ஊர்வலத்தைப் பிடித்தேன்.
மாப்பிள்ளையின் தலைப்பாகையும்
பாதி மேளமும் விழுந்தன.
மற்றப் பாதியை வேப்பங்கிளை வாங்கிக்கொண்டது.
பேசிய தொகையில் துவாரகன்
பன்னிரண்டாயிரம் கழித்தார்.
கழிக்கலாம்.
வானத்திலிருந்து காட்டுவதாக
நான்தான் அட்டையில் அச்சடித்திருந்தேன்.

நாலு மணிக்குக் கடிதம் காலாவதியானது.
பறந்த நேரம் எழுதும் கொப்பியில்
ஒரு நிமிடம் நாற்பது செக்கன் என்று பதிந்தோம்.
இறக்கிய காரணம் என்ற இடத்தில்
இம்தாத் கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்திருந்துவிட்டுக்
காற்று என்று எழுதினான்.
நான் வெட்டவில்லை.