ரெண்டு முழம்

பத்திரிகைக்காரர் கேட்டார்,
பூந்தோட்டம் சட்டநாதனுக்கு யார் குரு என்று.
எரவாஞ்சேரி நடேசமூர்த்தி, என்றார் அவர்.
காலில் விழுந்ததில்லை, முகம் பார்த்ததில்லை.
ஒரு கேசட்தான்.

அந்தக் கேசட் நான் பதிந்தது.
வலங்கைமானில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு,
எண்பத்தாறு ஆவணி.
ஜெனரேட்டர் சத்தம் விழாமலிருக்க
மைக்கை வாழைமரத்தில் துண்டால் கட்டியிருந்தேன்.
காம்போதி.
நாயனம் மேல் காந்தாரத்தில் நின்ற இடத்தில்
தவில்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.
பந்தியில் இலை போட்டவன்
குனிந்தவன் குனிந்தபடியே.

நீடாமங்கலம் கடைக்குக் கொண்டுவந்து
பிரதி எடுக்கிறபோது
டெக்கு நாடாவைத் தின்றது.
பென்சில் விட்டுச் சுற்றியும் சரிவரவில்லை.
கசங்கினதை வெட்டி எறிந்தேன்,
ரெண்டு முனையையும் செல்லோடேப்பால் ஒட்டினேன்,
பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றேன்.
நாற்பது பிரதி போயிருக்கும்.
ஒன்று பூந்தோட்டத்துக்கு.

அப்புறம் எங்கே போனாலும் அந்தத் தாவல்தான் பேச்சு.
மேல் காந்தாரத்தில் இருந்தவர்
இமை மூடித் திறந்தால் கீழே பஞ்சமத்தில் இருக்கிறார்,
பாலம் இல்லாமல் வெண்ணாற்றைத் தாண்டினவன் மாதிரி.
எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்.
நடேசமூர்த்தி பாணி என்கிறார்கள்.
மூணு வருஷம் உதடு வெடிக்க வெடிக்க
சாதகம் பண்ணினாராம்
என் கத்தரிக்கோலை.

மன்னார்குடி பங்குனித் திருவிழாவுக்கு
நடேசமூர்த்தியே வந்திருந்தார், கேட்க.
ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.
தாவல் வந்தது.
வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.
"இது என்னிடம் இல்லையே" என்றார்.
கொஞ்சம் கழித்து, கைமாற்று கேட்கிற குரலில்,
"எப்படிய்யா எடுக்கிறான்?"
நான் ஃப்யூஸைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அடுத்த தையில், கொரடாச்சேரிக் கல்யாணத்தில்
அவரே அதை வாசித்தார்.
முதல் தடவை வழுக்கிற்று.
ரெண்டாம் தடவை சுத்தமாக விழுந்தது.
எழுபத்தொரு வயது.
சீவாளியைத் துடைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்,
பதிவாகிறதா என்று.

வெட்டி எறிந்தேன் என்றேனே,
எறியவில்லை.
நாற்றங்காலில் குருவி விழுகிறது என்று
மைத்துனன் வாங்கிப் போனான்.
ரெண்டு முழம் இருக்கும்.
கழிக்குக் கழி இழுத்துக் கட்டினான்.
மேல்காற்று வந்தால் விர்ரென்று அடிக்கும்.
காந்தாரத்திலிருந்து அன்றைக்கு
அவர் எப்படித்தான் இறங்கினார் என்பது
அதில்தான் இருந்தது.
குருவிகள் அந்தப் பக்கமே வரவில்லை.